இரண்டு கொ

சின்னத்துறை சங்க ஆபீசில் கணினிகள் மூன்று.
பாகம் பிரித்த அண்ணன் தம்பிமார் மாதிரி
ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது.
வாசல் மேசையில் விண்டோஸ், டீசல் டோக்கன் அச்சடிக்க.
ரோமுக்குப் படிக்கப் போன அச்சன் விட்டுப்போன மேக்,
பேட்டரி உப்பி, மூடினால் மூடாது.
என்னுடையது லினக்ஸ்.
தக்கலையில் பழசு விற்கிற கடையில் நாலாயிரம்.
எஃப் விசை கிடையாது, அந்தக் குழியில் ரப்பர் துண்டு.

மூன்றிலும் திறப்பது ஒரே கோப்பு:
தூத்தூர் தொடங்கி நீரோடி வரை
ஆழ்கடலுக்குப் போன போட்டுகளின் பட்டியல்.
மூன்றிலும் ஒரே எடிட்டர். அது என் பிடிவாதம்.

முதல் வாரம், விண்டோஸில் சேமித்ததை இங்கே திறந்தால்
வரிக்கு வரி கடைசியில் கூரை போட்ட ஒரு எம்.
செயலாளர் வின்சிலாஸ் எட்டிப் பார்த்து,
"எல்லா போட்டுக்கும் மோட்டார் மாட்டியாச்சா?" என்றார்.
சிரித்துக்கொண்டே இருநூற்றுப் பத்து மோட்டார்களைக் கழற்றினேன்.

சேமிக்க அங்கே கட்டைவிரல், இங்கே சுண்டுவிரல்.
வீட்டில் மீன் நறுக்கும்போதுகூட
இடது கை எதையோ தேடி அழுத்தும்.

அமைப்புக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்.
தலைமேல் புள்ளி ஏறினால் நம் எழுத்துக்கு உயிர் போகும்.
இங்கே முன்னால் நின்றால் கோப்பே கண்ணுக்கு மறையும்.
விண்டோஸில் அதற்குப் புள்ளி ஆகாது, அடிக்கோடு வேண்டும்.
இதைக் கண்டுபிடிக்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று,
பூசை உட்பட.

ஐப்பசியில் ஒரு வெள்ளி இரவு.
மினிக்காய்க்கு மேற்கே தாழ்வு மண்டலம் என்றார்கள்.
வாசலில் செருப்புகள் கூடின.
ஜெர்லின் உள்ளே வந்துவிட்டாள்.
"டெஜி, கொன்சலாத்தா உண்டா பாரு."
அவள் தம்பி போன போட்டு.

தட்டினேன்.
கிடைக்கவில்லை.
மறுபடி, எழுத்துக்கு எழுத்து பார்த்து.
கிடைக்கவில்லை.
மற்ற எல்லாவற்றுக்கும் முக்கி முனகும் அந்தப் பெட்டி
இதைச் சொல்ல மட்டும் நேரமே எடுக்கவில்லை.

திரையைத் தன் பக்கம் இழுத்தாள்.
மேலிருந்து விரல் வைத்து
ஒவ்வொரு பெயராக வாசித்தாள், வாய்விட்டு,
மன்றாட்டு மாலை போல.
நூற்று நாற்பத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது.
"இதென்ன பின்ன?"

கொன்சலாத்தா. பதினொரு பேர். சாட்டிலைட் எண்.
நாலாவது தடவை மணி அடித்தது.
கல்பேனியில் ஒதுங்கியிருக்கிறார்களாம்.
தம்பி கேட்டது ஒன்றுதான்:
வீட்டு மாடியில் காயப்போட்ட வலையை எடுத்தாச்சா?

ஆட்கள் போனபின் விடிய விடிய உட்கார்ந்தேன்.
நான் தட்டிய கொ மேலே, பட்டியலின் கொ கீழே.
கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்.
இரண்டின் வாலிலும் ஒரேயொரு தரம் அழித்தேன்.
மேலே மிஞ்சியது க.
கீழே மிஞ்சியது கெ.

ஒன்றில் கொம்பும் காலும் ஒட்டிப் பிறந்தவை.
மற்றதில் கொம்பு தனி, கால் தனி,
பக்கத்தில் நிற்பதால் ஒன்றுபோலத் தெரிகிறவை.
போட்டுப் படங்களுக்கு மேக் வைத்திருந்த கோப்புப் பெயர்களை
அப்படியே அள்ளிப் பட்டியலில் ஒட்டியவள் நான்தான்.
சோம்பல், வேறென்ன.

மூன்று வரி எழுதினேன்.
எந்தக் கணினியில் திறந்தாலும்
பிரிந்த கொம்பையும் காலையும் முதலில் சேர்த்துவிடும்.
இப்போது தேடினால் கிடைக்கிறது.

ஜெர்லின் நம்பவில்லை.
காற்று மாறுகிற நாளில் வந்து உட்கார்ந்து
மேலிருந்து கீழே விரல் வைத்தே வாசிக்கிறாள்.
இனி வேண்டியதில்லை என்று நானும் சொல்லவில்லை.
எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கினேன்.
கறுப்புப் பின்னணி வேண்டாம் என்றாள்,
ராத்திரிக் கடல் போலக் கிடக்குதாம்.
வெள்ளையாக்க ஒரு வரி சேர்த்தேன்.

மேக்கில் வெளுத்துவிட்டது, என்னுடையதிலும்.
விண்டோஸில் மட்டும் இன்னும் கறுப்பு.
நாளைக்குப் பார்க்க வேண்டும்.