பின்பக்கம் யாரு

மண்டபம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
எட்டுக்கு ஆறடிக் கடை என்னுடையது.
ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
உப்புக்காற்று தின்றதுபோக
பலகையில் ‘ஜெரா’ மட்டும் மிச்சம்.

முத்துராக்கு போனை நீட்டினாள்.
பாசி வாசம் அடித்தது அதில்.
“என்னமோ வந்திருக்கு, படிங்க பாய்.”
படித்தேன்:
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

அவள் போனது தனுஷ்கோடிக்கு.
நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து.
கறிச்சோறு தின்றுவிட்டு
மணலில் பாய்விரித்துப் படுத்திருக்கிறாள்.
தலைமாட்டில் கிடந்த போன்
நடுராத்திரியில்
அக்கரை டவருக்குக் கைகொடுத்துவிட்டது.
படகில்லாமல், பாஸ்போர்ட் இல்லாமல்,
எழுபத்தெட்டு ரூபாய்ச் செலவில்.

கஸ்டமர் கேருக்கு அடித்தோம்.
தமிழுக்கு இரண்டு. குறைகளுக்கு ஐந்து.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது.
தரத்துக்காகப் பதிவு செய்கிறோம் என்றது.
இருபது நிமிஷம் நாங்கள் பேசாமல் இருந்ததைப்
பதிவு செய்துகொண்டது.
கடைசியில் ஒரு தம்பி வந்தான்.
“நீங்க வெளிநாட்டுல இருந்திருக்கீங்க மேடம்,
சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது.”
“நான் படுத்திருந்தேன் தம்பி.”
“படுத்ததெல்லாம் சிஸ்டம்ல காட்டாது மேடம்.”

ரேஷன் கடை மெஷின் வேறு கட்சி.
பாறை இடுக்கில் பாசி பறித்து
துணி சுற்றியும் தேய்ந்த விரல்கள்.
பத்தையும் மாற்றி மாற்றி வைத்தாலும்
இவள் முத்துராக்கு இல்லை என்றே சாதிக்கும்.
அரிசிக்கு வந்து நின்றால் ஆள் இல்லை.
அக்கரைக்குப் போகாத அன்றைக்கு ஆள் உண்டு.

ஒன்பதாம் நாள் பைக்கில் ஒருவர் வந்தார்.
சட்டை சாதா. ஷூ சாதா இல்லை.
அவரிடம் எண் இருந்தது.
சிம் அவள் புருஷன் பேரில்;
அவன் செத்து நாலு வருஷம்.
கடல் தாண்டியது யார் என்று தெரிய வேண்டும்.
“அந்த நோட்டைக் காட்டு.”

ரீசார்ஜ் நோட்டு. நீல அட்டை.
யார் எண், எத்தனை ரூபாய், எவ்வளவு பாக்கி,
புருஷனுக்குத் தெரியாத இரண்டாவது சிம்,
சவுதியில் இருக்கும் மகனுக்கு மட்டும் தெரிந்த மூன்றாவது,
எல்லாம் என் கையெழுத்தில்.

லெட்டர் ஏதும் இருக்கா சார்
என்று கேட்கத்தான் வாய் திறந்தேன்.
டீ சொல்லவா சார் என்று வந்தது.

அவர் எதையும் பறிக்கவில்லை.
எச்சில் தொட்டு நான்தான் பக்கம் திருப்பினேன்.
போட்டோ எடுத்துக்கொண்டார்.
டீக்கு அவரே காசு கொடுத்தார்.

மறுநாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை
அவளை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.
யாரைப் பார்த்தாய், என்ன கொண்டுபோனாய்.
காதுகுத்து, காதுகுத்து என்றே சொல்லியிருக்கிறாள்.
அன்றைக்குக் கடல் தெளிந்து கிடந்தது.
ஒரு நாள் பாசி போயிற்று.

வந்தாள். கையில் கடலைப் பொட்டலம்.
பிரித்து என் மேசையில் வைத்தாள்.
உள்பக்கம் மங்கலாக,
பாதி முகம் மையில் கறுத்து, அவளே.
சரியாக விழாத ஜெராக்ஸையெல்லாம்
எடைக்கு எடை கடலைவண்டிக்கு நான் போடுவது
ஊருக்கே தெரியும்.
எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது.

திட்டுவாள் என்று நின்றேன்.
“என் பக்கத்தைக் கிழிச்சுக் குடுங்க பாய்.”
நோட்டை விரித்து ஓரத்தில் ஸ்கேல் வைத்தேன்.
“இருங்க. பின்பக்கம் யாரு?”
“ஒன்பது பேர். சின்னப்பாலம் பூமயிலு,
வேதாளை செய்யதம்மா...”
“அவுககிட்ட கேட்டீங்களா?”
“இல்ல.”
“கேக்காமக் கிழிக்காதீங்க.”

கடலையை அதே தாளில் மடித்து
மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பூமயில் கடலுக்குள் இருக்கிறாள்.
செய்யதம்மா எண் உபயோகத்தில் இல்லை.
மற்ற ஏழு பேருக்கும் அடித்துக் கேட்க வேண்டும்.
நம்பருக்கு
அந்த நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.