காரணம் எழுதும் இடம்

ஆராதனை முடிந்து குடைகள் கலைந்தபின்
குலசேகரம் சபையின் வெஸ்ட்ரி அறையில்
ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளைப்
பிரிப்பது என் வேலை.
தொகை இடப்பக்கம், காரணம் வலப்பக்கம்.

நூறு: டெல்பினுக்கு நர்சிங் சீட்.
ஐம்பது: ஆடு இரட்டைக்குட்டி போட்டதற்கு.
ஆயிரம், பெயரில்லை: குவைத்திலிருந்து போன் வந்ததற்கு.
இருபது, நோட்டில் ஒட்டுபால் நாற்றம்:
பதினொரு நாள் மழை விட்டு
மரத்தில் கத்தி வைக்க முடிந்ததற்கு.

கிறிஸ்துராஜம் போடுவது எப்போதும் பத்து.
ஜூன் வெள்ளத்தில்
கோதையாறு அவள் மகனைக் கொண்டுபோனது.
அந்த ஞாயிறும் உறை வந்தது,
காரணம் எழுதும் இடம் வெறுமையாக.
வெறுமையைப் பேரேட்டில் எப்படி ஏற்றுவது?
ஒரு கோடு போட்டேன்.

எட்டு ஞாயிறு. எட்டுக் கோடு.

இன்று பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
‘நேற்று மரச்சீனி வேகும்போது
பசித்தது.’

இரண்டுமுறை கூட்டியும்
கணக்கு ஒத்துவரவில்லை.
பன்னிரண்டு வருடமாக
என் உறையில் நான் எழுதுவது
‘சகல நன்மைகளுக்கும்’.
ஒரு நன்மைக்குக்கூடப்
பெயர் கேட்டதில்லை நான்.

வீட்டுக்கு வந்தேன்.
செல்வின் கதவைத் திறந்து
‘நனைஞ்சியா?’ என்றார்.
இருபத்தாறு மழைக்காலமாகக் கேட்கிறார்,
நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே
உள்ளே போய்விடுவேன்.

இன்று நின்றேன்.
‘கொஞ்சம்’ என்றேன்.
துண்டு எடுத்துவரப் போனார்.
ஈரக் கையோடு
அடுத்த வாரத்து உறையில்
அதை எழுதினேன்.
மை கொஞ்சம் பரவிவிட்டது.