நிறுவைப் பாலம்

செம்பனைக் குலை லோரிகள்
ஒவ்வொன்றாய் ஏறும், இறங்கும்.
நான் ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை.
பஹாவ் ஆலை வாசலில்
ஏழடிக் கண்ணாடிக் கூண்டு,
சுழல் நாற்காலி,
ஆணியில் தொங்கும் தே தாரிக் பை.
பதினெட்டு வருஷம்.

கிளினிக்கில் மிஸ்ஸி ரோஹானி விரலைக் குத்தினாள்.
பதினொன்று புள்ளி நான்கு.
"பசியாறிட்டு வந்தீங்களா, கிராணி?"
இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு
சீட்டை ஜன்னலில் நீட்டுவதில்லை.
லோரிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்,
நாற்பது எட்டு போக, நாற்பது வர.
ஹனாபி கேட்கிறான்:
"ஜன்னல் கெட்டுப்போச்சா?"
மதியச் சோறு இறங்குமுன்
குலைமேட்டைச் சுற்றி இரண்டு நடை,
அந்தப் புளித்த வாடையோடேயே.
மாத்திரையும் உண்டு, மறைக்கவில்லை.
தேயில் சீனி மட்டும் இல்லை;
அதற்கு இன்னும் அழுகிறேன்.

ஆறு மாதம் கழித்து, லோரி ஓய்ந்த மாலையில்
நானே பாலத்தில் ஏறி நின்றேன்.
வெளித்திரையில் தொண்ணூறு.
போன வருஷமும் தொண்ணூறுதான்.
டன்னைப் பார்த்துப் பழகிய எந்திரம்,
பத்துப் பத்தாய்த்தான் எண்ணும்.

காலையில் சிந்திய ஒரு சொட்டு ரத்தத்துக்குப்
புள்ளிவரை கணக்குத் தெரிந்திருந்தது:
ஏழு புள்ளி ஒன்று.

சாலையில் எவனோ ஹாரன் அடிக்கிறான்.
இறங்குகிறேன்,
முழங்கால் முனக,
சீட்டெடுக்க.