ஐநூறு மீட்டருக்கு இப்பால்

கணபதியில் நாங்கள் மோட்டார் காயில் கட்டும் கடையில்
ரசீதுப் புத்தகத்துக்கு ராணுவப் பாஷை.
முழு மோட்டார் வந்தால் 9கே11.
உள்ளே சுற்றுகிற ரோட்டார் மட்டும் வந்தால் 9எம்14.
சென்னியப்பன் ஹவில்தாராக இருந்தவர்,
டாங்கியை உடைக்கிற ஏவுகணைப் பிரிவில்.
ஒன்பது என்றால் இலாகா, கே என்றால் மொத்த செட்டு,
எம் பறப்பது, பி பறக்க விடுவது.
கரண்டாபீஸில் ஒரு நம்பர், மோட்டார் முதுகில் ஒரு நம்பர்
இருக்குதல்லங்க, அதே கணக்கு என்பார்.

செய்தவன் வைத்த பேர் மல்யூத்கா. பொடிசு என்று அர்த்தம்.
பத்து கிலோ தொள்ளாயிரம் கிராம்.
(என் மகள் போன மாசம் அங்கன்வாடித் தராசில் அதே எடை.)
எதிரி வைத்த பேர் சாகர்.
அவன் வைப்பதெல்லாம் எஸ்ஸில்தான் தொடங்கும்,
ஸ்பிகாட், ஸ்பாண்ட்ரல், சாக்ஸ்ஹார்ன்.
அடி வாங்கப்போகிறவன் எதுக்குங்க பேர் வைக்கிறான்?
கத்துவதற்கு ஒரு சொல் வேண்டாமா என்றார்.

ஃபகோத் என்றால் ஊதுகுழல். கொன்கூர்ஸ் என்றால் போட்டி.
மேத்திஸ் என்றால் கலப்பில் பிறந்தது.
அதைச் சொன்னபோது மட்டும்
என் புருஷன் ஊரை அறிந்தவர்
டீ டம்ளருக்குள் பார்த்தார்.

மூன்று கிலோமீட்டர் போக இருபத்தாறு விநாடி.
பின்னாலேயே மயிர் மாதிரி ஒரு கம்பி அவிழ்ந்துகொண்டு போகும்.
கண்ணை எடுத்தால் கம்பி இருந்தும் பிரயோஜனமில்லை.
அப்புறம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்:
ஐநூறு மீட்டருக்குள் வந்துவிட்டவனை
அது ஒன்றும் செய்யாது.

செவ்வாய்க்கிழமை
அன்னூர் ஆறுச்சாமி, ஏழரை எச்.பி., தொள்ளாயிரம் அடி போர்.
டெம்போவிலிருந்து இறங்கினார் என் அப்பா.
பன்னிரண்டு அடி தூரம்.
கையில் கம்பிச் சுருளோடு
கண்ணை எடுக்காமல் எண்ணினேன்.
பதினொன்றில் அவர் எரிந்த வாடையைப் பார்த்தார்,
எடைக்கல்லைப் பார்த்தார்,
காலண்டர் முருகனைப் பார்த்தார்.

சென்னியப்பன் ரசீது எழுதினார், இந்த முறை நம்பர் போடாமல்.

ராத்திரி ஒன்பது வரை கட்டினேன்.
ஒரு சுற்றும் தப்பவில்லை.
அந்தக் கம்பி இப்போது என் கால் படாத தோட்டத்தில்
தண்ணிக்குள் இருக்கிறது.

கிளம்பும்போது கேட்டார்,
எப்ப கிடைக்கும் அம்மிணி?

எங்கள் பக்கம் எந்தப் பெண்ணையும்
அப்படித்தான் கூப்பிடுவார்கள்.