நாலு விரல் கடல்

வங்கி தந்த கடிதத்துக்குத்
தொண்ணூறு நாள் ஆயுள்.
அறுபத்தொன்று போய்விட்டது.
இதுவரை உள்ளே போய்ப் பார்த்த வீடுகள் இரண்டு.
ஒன்றில் மின்சாரம் இல்லை.
மற்றதில், உறுதியில் இருந்த பெயர்
உயிரோடு இல்லை.

மிச்சமெல்லாம் தொலைபேசியிலேயே முடிந்தவை.
"தங்கச்சி, அது நேற்றே போச்சு."
"ஓனரம்மா இப்ப ஆக்களுக்குக் காட்ட வேணாமெண்டுறா."
"ரெடிக் காசோ, லோனோ?"
லோன் என்றதும் ஒரு மௌனம் வரும்.
பல் வைத்தியர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றுவாரே,
அந்த மௌனம்.

கிருலப்பனையில் ஒரு கேற் வரைக்கும் போனோம்.
நாய் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.
தெஹிவளைக்குப் போன நாளில்
நூறாம் நம்பர் பஸ் பாதி வழியில் நிற்கும்போதே
"வர வேண்டாம்" என்று மெசேஜ்.
சுதர்மன் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தான்.
எனக்கு வாங்கித் தரவில்லை.
நான் கேட்கவுமில்லை.
அன்றைக்கு அப்படி ஒரு நாள்.

பிறகு இந்தச் சனிக்கிழமை.
வெள்ளவத்தை, கடற்பக்கத்து ஒழுங்கை, நாலாம் மாடி,
இரண்டு அறை, எழுநூற்று நாற்பது சதுர அடி.
"பத்தேகாலுக்கு வாங்க, ஏழு நிமிசம் தாரன்"
என்றார் நஸ்லிம் நானா.
லிப்ட் வேலை செய்யவில்லை.
படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் ஒன்பது சோடி,
ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி,
சோதனை மண்டபத்து வாசலில்போல
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.
எங்களுக்குப் பின்னால் வந்தவள் வயிற்றுப்பிள்ளைக்காரி.
இருக்கச் சொல்லி எல்லோரும் படியில் இடம் விட்டோம்.
வரிசையில் விடவில்லை.

எங்கள் முறை வந்தபோது நானாவின் போன் அடித்தது.
கனடா.
ஒரு கையில் சாவிக்கொத்து, மறு காதில் இன்னொரு போன்.
"மிஸ், ஒருக்கா இதப் புடிச்சி உள்ளுக்குக் காட்டுங்க.
நீங்களும் பாத்த மாதிரி இரிக்கும்."

அப்படித்தான் நான் அந்த வீட்டைப் பார்த்தேன்,
கையை நீட்டி, இன்னொருவரின் கண்ணைச் சுமந்துகொண்டு.
திரையில் போர்வைக்குள் ஒரு மனிதர்.
அங்கே நடுச்சாமம்.
"குசினியைக் காட்டுங்கோ பிள்ளை."
காட்டினேன்.
"சிங்குக்குக் கீழ?"
குனிந்தேன்.
"அந்தக் கலண்டருக்குப் பின்னால சுவர் ஊறியிருக்கோ?"
ஊறியிருந்தது. அதையும் காட்டினேன்.
"பரவாயில்லை, வாடகைக்குத்தானே விடப்போறம்."

சுதர்மன் அளவுநாடாவோடு பின்னால் வந்தான்.
அலுமாரிச் சுவரை அளக்கத் துணியாமல்
நாடாவின் நாக்கை
இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

குளியலறைக்கு நான் மட்டும் போனேன்.
ஜன்னல் உயரத்தில் இருந்தது.
காற்று வருமோ என்று அவர் கேட்டதால்
வாளியைக் கவிழ்த்து ஏறினேன்.
எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிக்கும்
யாரோ பூட்டிய ஏசிப் பெட்டிக்கும் நடுவில்
நாலு விரல் அகலத்துக்குக் கடல்.
வெயிலில் தகரம் மாதிரி.
ஒரு கப்பல் அதற்குள் நுழைந்து,
இடம் போதாமல்,
முதலில் மூக்கும் பிறகு வயிறும் கடைசியில் வாலுமாகக்
கடந்து போனது.

போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தேன்.
"என்ன தெரியுது பிள்ளை?"
"பக்கத்து மதில்."

கடன் படிவத்தின் பதினேழு பக்கத்திலும்
நான் ஒரு பொய் எழுதவில்லை.
இது தானாக வந்தது.

"நன்றி. நீங்கள் புரோக்கரிட ஆளோ?"
"ஓம்."

மூன்றாம் மாடிக்கு இறங்குவதற்குள்
மேலே நானாவின் குரல் கேட்டது,
"முடிஞ்சி, முடிஞ்சி, எல்லாரும் போங்க."
சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தவள்
என் கையைக் கேட்டாள். கொடுத்தேன்.
ஈரமான, கனத்த கை.
"உள்ள எப்படி அக்கா?"

"பாத்ரூமில வாளியைக் கவிழ்த்து ஏறினால்
கடல் தெரியும்," என்றேன்.

சுதர்மன் படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.
அவனுக்கும் அது
அப்போதுதான் தெரியும்.