காரணம் எழுதும் கட்டம்

எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை என்றது இயந்திரம்.
பரராஜசிங்கத்தின் மகளாய் உள்ளே போனேன்,
பரராஜாவாய் வெளியே வந்தேன்.
சிங்கம் இன்னும் வாசலில் நிற்கிறது
அடையாள அட்டை இல்லாமல்.

ஃப்ரிபூர் பல்கலைக்கழகம், நிலக்கீழ்த் தளம்.
முதல் நாள் கைக்குத் தந்தவை
ஒரு திருப்புளி, சாவிக்கொத்து,
இரண்டு மொழியில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள்.
"நிப்பாட்டிப் போடச் சொல், பாதி வேலை அதுதான்,"
என்றார் உர்ஸ் ஸ்பிண்டன்.
"நிப்பாட்டிப் போட்டேன் என்று அவர்கள் சொல்வதை
நம்பாமலிருப்பது மீதி."

பேராசிரியர் ஒருவருக்குக் கடவுச்சொல் மூன்று தரம் பிழைத்தது.
சொல்லில் பிழையில்லை.
விரல்கள் பாரிஸில் பழகியவை,
விசைப்பலகை இந்த ஊர்க்காரி.
யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"ஐடி வந்திட்டுது" என்றார்கள்,
மழை வந்திட்டுது என்பதுபோல.

பதினாலு மாதமாய்த் திறந்தே கிடந்தது ஒரு டிக்கெட்.
மூன்றாம் மாடி. செவ்வாயும் வெள்ளியும்
மாலை ஆறேகாலுக்கு நெட்வேர்க் விழும்,
இருபது நிமிடத்தில் தானாய் எழும்.
சுவிட்சை மாற்றியிருந்தார்கள், கேபிளை மாற்றியிருந்தார்கள்.
பேர்னிலிருந்து நிபுணர் வந்து
பதினொரு பக்கம் எழுதிவிட்டுப் போயிருந்தார்.
புதிதாய் வருபவருக்கு இதைக் கொடுப்பது வழக்கமாம்.
உர்ஸ் சிரித்தார்.

வெள்ளி ஆறுமணிக்கு மாடிப்படியில் இருந்தேன்.
முதலில் வந்தது மணம்.
எலுமிச்சைத் திரவம், ஈரத்துணி.
எனக்குத் தெரியும் அது.
எட்டு வயதில், மார்லியில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில்
அம்மா மேசை துடைப்பார்,
நான் குப்பைக்கூடைப் பைகளை மாற்றுவேன்.
ஒருநாள் வெக்குவம் கிளீனருக்கு ஓட்டை தேடி
எதையோ பிடுங்கினேன்.
யாருடையதோ திரை கறுத்தது.
அடுத்த மாதம் அங்கே அம்மாவுக்கு வேலை இல்லை.
வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் நான்தான்,
கடிதத்தை நான்தான் வாசித்தேன்.
காரணம் என்று எதுவும் அதில் இல்லை.
நானும் சொல்லவில்லை.

ஆறேகால்.
லுர்டெஸ் முழங்காலில் குனிந்து
போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் கைநுழைத்து
சின்ன வெள்ளைப் பிளக் ஒன்றை உருவினாள்,
தன்னுடையதைச் சொருகினாள்.
நடைபாதை முழுக்க இரைச்சல்.
பதினொரு பக்கமும் அந்தக் குழாய்க்குள் போயின.

என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.
முகத்தைப் பார்க்க முதல் கழுத்து அட்டையைப் பார்த்தாள்.
"ஏதும் பிழையா?"
அவளுடையது போர்த்துக்கீசம் கலந்த பிரெஞ்சு,
அம்மாவினது வேறொன்று கலந்தது.
"இல்லை. இங்கே பிளக்பொயின்ட் காணாது."
"இரண்டு வருசமாய்ச் சொல்கிறேன்."
"யாரிடம்?"
தோளைக் குலுக்கினாள்.
டிக்கெட் போட அவளுக்குக் கணக்கு இல்லை.
எட்டு எழுத்துக்கூட இல்லை.

திங்கள் காலை.
டிக்கெட்டின் அடியில் இரண்டு கட்டங்கள்.
துப்புரவுப் பணியாளர் என்று தொடங்கி
அழித்தேன். கோப்பி குடித்தேன்.
மறுபடி தொடங்கி மறுபடி அழித்தேன்.
காரணம்: சுவரில் ஓட்டை ஒன்று குறைவு.
தீர்வு: ஒன்று பொருத்தவும்.

உர்ஸ் பின்னால் நின்று கனநேரம் வாசித்தார்,
அவ்வளவு சின்ன இரண்டு வரியை.
"பதினாலு மாதம்," என்றார்.
பிறகு, "யார் பிடுங்கினது?"

தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.
சட்டபீடத்துப் பேராசிரியர். திரை கறுப்பாம்.
நிப்பாட்டிப் போட்டுவிட்டாராம்.
"மேசைக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பார்ப்பீர்களா,
பிளக் இருக்கிறதா என்று?"

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.
ஒரு பெருமூச்சு.
பிறகு, தரையில்
முழங்கால் ஒன்று தொடும் சத்தம்.