பதினோராம் வளைவு

அடிவாரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது
மணி ஐந்தேகால்.
சோதனைச் சாவடிக் காவலர்
சுள்ளி கொளுத்திக் குளிர்காய்கிறார்.
சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்.
காரணம் கேட்பதைக்
கார்த்திகையோடு நிறுத்திவிட்டார்.

காதைச் சுற்றி மப்ளர்.
பிளஸ் டூ படிக்கும் மகனின் ஸ்வெட்டர்,
கை நீளம், உள்ளங்கையும் மூடிவிடும்.
முதல் அரைமணி நேரம் இது ஓட்டமே இல்லை.
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு
முந்தாதவள் போல
ஓரமாக, ஒதுங்கி ஒதுங்கி.
விறைத்த கால்களை அவசரப்படுத்தினால்
கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும்.
பிடித்தால் ஒரு வாரம்
ஆலையில் படியேற முடியாது.

வேகம் சரியா என்று பார்க்க
வாய்விட்டுப் பேச வேண்டும்.
யாரோடு?
ரெஜினாமேரி மூன்றாம் ஞாயிறோடு நின்றுவிட்டாள்,
தொண்டை கட்டி, வெந்நீரும் மிளகுமாய்.
அதனால் நேற்றைய வரவைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறேன்:
ஆத்தூர் லாரி, பதினெட்டு டன் கிழங்கு,
இருபத்தாறு பாயிண்ட்,
இறக்குகூலி பாக்கி.
"பாக்கி"யில் மூச்சு முட்டினால்
வேகம் அதிகம்.

ஐந்தாம் வளைவில் மூக்கு ஒழுகத் தொடங்கும்.
ஏழில் குரங்குகள்
ஒன்றின் வயிற்றில் ஒன்று புதைந்து
சுவர்மேல் உருண்டையாக இருக்கும்,
பிடுங்கித் தின்னக்கூட இறங்காது.
காற்று, பச்சை நெல்லிக்காயைக் கடித்த மாதிரி
தொண்டையில் வழுக்கி இறங்கும்.

பால் பாக்கெட் வேன் பக்கத்தில் வந்து நின்றது.
"பஸ்ஸ விட்டுட்டீங்களாக்கா? ஏறுங்க."
இல்ல தம்பி, ஓடுறேன்.
"எதுகிட்ட இருந்து?"
கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான்.
மூச்சு மிச்சப்படுத்த வேண்டியிருந்தது.
கையை மட்டும் ஆட்டினேன்.
வேன் போய்விட்டது. கேள்வி
இரண்டு வளைவு கூடவே வந்தது.

மார்கழி நாலாம் ஞாயிறு, மூட்டம்.
நீட்டிய கையில் விரல் இல்லை.
சில்வர் ஓக் மரங்கள் சொட்டுகிற சத்தம்,
என் செருமல், அவ்வளவுதான் மலை.
பலகை தெரியாததால்
கால்களை நம்பி எண்ணினேன்.
இந்த வாரத்துக்கு நோட்டில் எழுதியிருந்தது பதினொன்று.
பன்னிரண்டு வந்தும் நிற்கவில்லை.
உடம்பு ஒரு அடுப்பாகிவிட்டிருந்தது,
அணைக்க மனசில்லை.
பதின்மூன்று. பதினான்கு.
பதினைந்தில் நின்று
பனித்திருந்த பலகையை
ஸ்வெட்டர் கையால் துடைத்தேன்.

பதினொன்று.

வெறும் திருப்பங்களையெல்லாம்
வளைவென்று வரவு வைத்திருக்கிறேன்.
இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதுகிறவள்,
ஒரு மூட்டை கூட்டி எழுதியதில்லை.
சிரிப்பு வந்தது,
புகையாக.

எங்கள் சேகோ ஆலையில்
கிழங்குப்பாலைத் தொட்டியில் விட்டுவைப்போம்.
எட்டிப் பார்த்தால்
ஒன்றும் நடக்காது, வெள்ளைத் தண்ணீர்.
விடிந்து மேல்நீரைத் திறந்துவிட்டால்
மண்வெட்டி போட்டு வெட்டியெடுக்கும்படி
அடியில் இறுகிக் கிடக்கும் மாவு.

கார்த்திகை முதல் ஞாயிறு
நாலாம் வளைவில் குந்தி வாந்தியெடுத்தவள்
இங்கே நின்று
யாருமில்லாத மூட்டத்திடம்
முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு எட்டும் தூரம்தான்.
கால், போலாம் என்றது.
நோட்டு, வேண்டாம் என்றது.
நின்ற இரண்டு நிமிஷத்தில்
முதுகு வியர்வை ஈயத் தகடாகிவிட்டது.
திரும்பினேன்.
ஏற்றத்தில் வாய் திறக்காத முழங்கால்கள்
இறக்கம் முழுக்கப் புகார் சொல்லின.

சாவடியில் சாவியை வாங்க விரல் மடங்கவில்லை.
காவலரே பூட்டைத் திறந்து கொடுத்தார்.
சீட்டுக்கு அடியிலிருந்து
பழைய பேரேட்டை எடுத்து,
பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடுபடுத்தி,
எழுதினேன்:

எண்ணியது 15.
இருப்பு 11.
வித்தியாசம் 4,
தை முடிவதற்குள் சரிக்கட்டப்படும்.